முதுகுகள்

ஈரம் ஏறிய சப்பாத்துக் கயிறு அவிழ மறுத்தது. குகனேசன் குனிந்து முடிச்சை நகத்தால் கிண்டிக்கொண்டிருந்தபோது, எதிரே கிரேக் வாக்குச் சீட்டை மேசையில் வைத்துப் பேனாவின் மூடியைப் பல்லால் இழுத்தான். "ஜாரட்டுக்கு மூண்டு. அதிலை கதைக்க ஒண்டுமில்லை. மற்ற ரண்டு பேரையும் சொல்லுங்கோ, நான் வீட்டை போகோணும்." கிரேக் பேசியது ஆங்கிலம்தான். மெல்பேணுக்கு வந்து இத்தனை வருடமாகியும் குகனேசனின் தலைக்குள் ஆங்கிலம் ஆங்கிலமாகத் தங்குவதில்லை. உள்ளே விழும்போதே யாழ்ப்பாணத்து ஆளின் பேச்சாகிவிடும். கிரேக் வாய்க்கு வாய் சொல்லும் 'மேட்' அவனுக்கு 'மச்சான்' என்றுதான் கேட்கும். அறுபதை நெருங்கும் மனிதனை, கிழமை நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி சனிக்கிழமைகளில் இந்த லீக்குக்கு மூத்த நடுவராக இருப்பவனை, மனதுக்குள் அவன் இவன் என்று நினைக்க முடிவதும் அந்த மச்சானால்தான். சுவருக்கு அப்பால் வென்ற அணி தன் பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்தில் மழை. நீள மர வாங்கின் மறுமுனையில் பெத் கணுக்காலில் சுற்றியிருந்த வெள்ளை ஒட்டுத்துணியை மயிரோடு சேர்த்து உரித்து, முகத்தைச் சுளித்து, உரித்ததை உருட்டி மூலைக் கூடைக்குள் எறிந்தாள். விழவில்லை. பந்தைக் கையால் பிடித்தும் காலால் உதைத்தும் ஆடும் அவுஸ்திரேலியக் கால்பந்தில், மூன்று பேரும் களத்தில் ஓடிய நடுவர்கள். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்தவுடன் இப்படி ஓர் அறைக்குள் ஒதுங்கி, வெளியாட்கள் எவருடனும் பேசாமல், எந்தப் புள்ளிவிபரத்தையும் பார்க்காமல், அன்று மிகச் சிறப்பாகவும் நேர்மையாகவும் ஆடியவனுக்கு மூன்று வாக்கு, அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒன்று என்று எழுதி ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். பருவம் முடிந்ததும் எல்லா உறைகளையும் மேடையில் பிரித்துக் கூட்டுவார்கள். கூடியவனுக்குப் பதக்கம், மண்டபச் சுவரில் பொன்னெழுத்தில் பெயர். பயிற்சியாளர் நினைத்தது, பார்க்க வந்தவர்கள் கண்டது, உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது ஒன்றும் அதில் சேராது. ஓடிக் களைத்த மூன்று மனங்களில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. இன்று கடைசிச் சுற்று. பதக்கம் ஜாரட்டுக்குத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. பதக்கம் யாருக்கும் போகட்டும், இன்று மட்டும் சரியாகப் பார்த்து எழுதிவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான் குகனேசன். அதுதான் இப்போது முடிச்சைவிட இறுகிக் கிடந்தது.

சொல்லியிருக்க வேண்டாம். ஆரபி ஒன்றும் சண்டைக்கு வரவில்லை. அவளுடைய பெண்கள் அணிக்குப் போன வெள்ளிக்கிழமை வாக்கு எண்ணினார்கள். பருவம் முழுக்கப் பின்வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணியின் மிக வேகமான பிள்ளையைத் துரத்திக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. திரும்பி வரும்போது காரில் காலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டு, "அப்பா, நீங்கள் நடுவர்மார் உண்மையிலை என்னத்தைப் பாக்கிறனீங்கள்?" என்று கேட்டாள். கோபமில்லை. பல்லி எப்படிச் சுவரில் நிற்கிறது என்று சின்னதில் கேட்ட அதே குரல். "எல்லாத்தையும்தான்," என்றான். "அப்பிடியே? அப்ப போன சனிக்கிழமை பின்வரிசையிலை விளையாடின ஒராளைச் சொல்லுங்கோ பாப்பம்." சிக்னலில் சிவப்பு விழுந்தது. பச்சையும் விழுந்தது. அவனுக்கு ஓராள்கூட வரவில்லை. உயரம் வரவில்லை, நிறம் வரவில்லை, எண் வரவில்லை. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். ஆரபி சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாரம் முழுக்க அவன் கூடவே வந்தது. மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கும்போது வந்தது, பல் தீட்டும்போது வந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே ஓடுகிறேன், பிறகு அது எங்கே போகிறது? ஒரு வேளை பார்க்கவே இல்லையோ? ஆகவே இன்று ஒரு பரிசோதனை என்று வைத்துக்கொண்டான். ஆட்டம் முடிந்ததும் முதல் நிமிடத்திலிருந்து ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. எது வருகிறது, எது வரவில்லை என்று பார்ப்பது. இரவுச் சாப்பாட்டில் அவளுக்குப் பதில் சொல்வது.

ஓட்டிப் பார்த்தான். முதலில் வந்தது சத்தம். ஆட்டம் தொடங்க, களத்தின் நடுவில் நடுவர் பந்தைத் தரையில் குத்தி மேலே எழுப்ப வேண்டும். சேற்றில் அது எழவில்லை, சப்பென்று ஒட்டிக்கொண்டது. வேலிக்கு வெளியே ஒரு கிழவர் "புழுவே! அதைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியாதோ?" என்று கத்தினார். முன்னொரு காலத்தில் நடுவர்கள் வெள்ளை உடுத்திருந்தார்களாம், அதனால் புழு. இப்போது பச்சை உடுத்தாலும் புழுதான். பிறகு வந்தது அவன் ஊதிய முதல் விசில். ஒருவன் மற்றவனின் கழுத்தைப் பிடித்தது. சரியான விசில். பிறகு இரண்டாவது விசில், முதுகில் தள்ளியது, அது சரியா? கை முதுகில் பட்டதா, அவன் தானாகவே விழுந்தானா? விழுந்தவனின் எண் ஒன்பது. அவன் சேற்றில் முகம் புதைய விழுந்து எழுந்து பந்தை வாங்கிக் கோலும் அடித்தான். மூன்றாவது விசில். நாலாவது. பாதிவரை ஓட்டியபின்தான் அவனுக்குத் தெரிந்தது, வந்துகொண்டிருப்பது ஆட்டமல்ல, விசில்கள். ஊதிய இடங்களில் மட்டும் வெளிச்சம்; இடையில் எல்லாம் மழை. விசிலுக்குள் வந்தவன் எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறான், பிழைசெய்தவனும் பிழைக்கு ஆளானவனும். சுத்தமாக விளையாடியவன் எங்கே? ஒருவன் யாரையும் இடிக்காமல், யாரிடமும் இடிபடாமல், சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்று பந்தை எடுத்துச் சரியான ஆளிடம் கொடுத்துக்கொண்டேயிருந்தால், அவனுக்காக ஒருமுறைகூட விசில் ஊத வேண்டி வராது. அப்படியானால் அவன் இந்தத் தலைக்குள் எந்த வழியால் வருவான்? குகனேசனுக்கு இது வேதனையாக இல்லை, ஆச்சரியமாக இருந்தது. தன் சட்டைப்பையில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் அதற்குள் விரலை விட்டு விட்டுப் பார்ப்பதுபோல அதையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தான்.

ஜாரட் மட்டும் விசில் இல்லாமலும் வந்தான். எங்கே பார்த்தாலும் வந்தான். சிவப்புத் தலை, மழையில் நனைந்தும் அணையாத சிவப்பு. நடுக்களத்தில் நிற்பவன், பந்து இருக்கும் இடத்தில் அவன் இருப்பான், பந்து இருக்கும் இடத்தில்தான் நடுவரும் இருப்பான். நாணயம் சுண்டும்போதே கையை இறுக்கிக் குலுக்கி, "கூகி, மகள் எப்பிடி? கால் சுகமோ?" என்று கேட்டான். குகனேசன் என்ற பெயரை இந்த லீக்கில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. முதல் வருடமே கூகி ஆக்கிவிட்டார்கள். ஆரபிக்குக் கால் சுளுக்கியது போன ஆனியில். அதை எப்போது இவனிடம் சொன்னேன்? சொல்லியிருப்பேன். அவன் ஞாபகம் வைத்திருக்கிறான். ஆட்டத்துக்கு நடுவிலும் பேசுவான். விசில் ஊதினால் பந்தை எறிந்துவிட்டுப் போகாமல் கையில் கொண்டுவந்து தருவான். "நல்ல முடிவு, கூகி." அவனுக்கு எதிராக ஊதிய முடிவுக்கும் நல்ல முடிவு என்பான். அதைக் கேட்கும்போது வருகிற சுகம், ச்சே, அது என்ன சுகம், குளிருக்குள் யாரோ தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்ததுபோல. நல்ல ஆட்டக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு ஆட்டம், எவ்வளவு தேத்தண்ணி? மேசையில் கிரேக்கின் பழைய ஐஸ்கிரீம் டப்பா இருந்தது, வழக்கம்போல ஜெலி மிட்டாய்ப் பாம்புகளால் நிரப்பி. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் மூன்று பேரும் கைபோடுவார்கள். சிவப்புப் பாம்புதான் முதலில் தீரும், பிறகு மஞ்சள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசியில் டப்பாவின் அடியில் பச்சைப் பாம்புகள் மட்டும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும். பச்சையின் சுவை என்னவென்று யோசித்தான். தெரியவில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டான். நன்றாகவே இருந்தது.

"கூகி, உன்னைத்தான்," என்றான் கிரேக். "ஜாரட்டுக்கு மூண்டு, ஓமோ இல்லையோ?" பெத் ஏற்கெனவே தலையை ஆட்டியிருந்தாள். கிரேக்கும் தன் கேள்விக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். குகனேசனின் தலையும் ஆடப் போனது. இந்த அறைக்குள் வந்த மூன்று பருவங்களிலும் ஆடியிருக்கிறது. கிரேக் பேர் சொல்வான், இவன் ஆட்டுவான், உறை ஒட்டப்படும். இன்று கழுத்து ஒரு இமைப்பொழுது நின்றது. அந்த நின்ற கழுத்துக்குள் வவுனியா வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூட மைதானம், வெயில், வரிசை. இராணுவத்தினர் சுற்றிவளைத்துக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அவனுக்குப் பதினெட்டு வயது. ஜீப்புக்குப் பக்கத்தில் ஒருவன் கதிரையில் இருந்தான், தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு துளை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். தலை ஆடினால் பிடித்துக்கொண்டு போகும் பக்கம், ஆடாவிட்டால் விட்டுவிடும் பக்கம். குகனேசன் அன்று போட்டிருந்தது பெரியம்மாவின் மகனுடைய சட்டை, நீலக் கோடு போட்டது. அவனுடையது துவைத்துக் காயவில்லை. சாக்குத்தலை அவனைப் பார்த்தது. மற்றவர்களைப் பார்த்ததைவிடக் கூடுதலாகப் பார்த்தது. கொஞ்சம் சரிந்தது. பிறகு நின்றது. "போ," என்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. பயம் எப்போதோ காய்ந்துவிட்டது. காயாமல் கிடப்பது ஒரு கேள்வி. அந்தத் துளைகளுக்குப் பின்னால் இருந்த கண் என்னத்தைப் பார்த்தது? என் முகத்தையா, சட்டையையா? சட்டையைத் தெரிந்துதான் சரிந்ததா, முகத்தைத் தெரியாமல்தான் நின்றதா? அவனுக்கும் களைத்திருக்கும். அவனும் வீட்டை போக வேண்டும் என்று நினைத்திருப்பான். அந்தச் சாக்கையும் இந்தச் சீட்டையும் ஒரே தராசில் வைப்பது மடத்தனம். இங்கே ஒருவரும் சாகப் போவதில்லை, சுவரில் பெயர் ஏறும், ஏறாது. என்றாலும் கழுத்து நின்றது. "நல்லாத்தான் விளையாடினவன்," என்றான் குகனேசன். அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. கிரேக் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு எழுதினான்.

"ரண்டு?" என்றான் கிரேக். பெத் கண்ணை மூடி யோசித்தாள். தாதிப் படிப்புக்காரி, இருபத்திரண்டு வயது, ஓடினால் மூன்று பேரிலும் அவள்தான் முன்னால். "பின்னுக்கு நிண்ட ஒராள், பதினாலு. முதல் பாதியிலை நல்லாச் செய்தவன், என்ன?" "செய்தவன். ஆனா பாதியோடை போயிட்டான்," என்றான் கிரேக். "ரத்தம் வந்து வெளியிலை போனவன்தானே? பிறகு நான் அவனைக் காணேல்லை." "அப்ப ஐம்பத்தெட்டு?" என்றாள் பெத். "கடைசிக் கட்டத்திலை அவன் ரண்டு மூண்டு தரம் கோல் விழாமல் காப்பாத்தினவன்." "அவன் பாதிக்குப் பிறகு வந்த ஆள், மச்சி. அரை ஆட்டத்துக்கு ரண்டு வாக்குக் குடுக்கேலுமோ? மற்றவன்கள் நாலு கட்டமும் சேத்துக்கை கிடந்தவன்கள்." இருவரும் குகனேசனைப் பார்த்தார்கள். அவன் நினைத்துப் பார்த்தான். பதினாலு: ஆம், முதல் பாதியில் ஒரு முதுகு, பந்தைக் குனிந்து எடுத்துப் போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு: ஆம், பிற்பாதியில் ஒரு முதுகு. இரண்டும் மங்கல். இரண்டும் பாதி. "பாதி ஆட்டம்தான்," என்றான். தோற்ற அணியின் முன்வரிசையில் நின்ற ஒன்பதுக்கு இரண்டு என்று முடிவாயிற்று, அவன் மூன்று கோல் அடித்தவன். அதில் ஒன்று என் பிழையான விசில் கொடுத்தது என்று குகனேசன் நினைத்தான், சொல்லவில்லை. ஒரு வாக்கு, உயரமாக எழும்பிப் பந்தைப் பிடித்து வேலியோரத்துக் கார்களையெல்லாம் ஹோர்ன் அடிக்க வைத்த ஒரு மொட்டைத்தலைக்கு. சிவப்புத் தலை, சேற்று முகம், மொட்டைத் தலை. ஆரபியிடம் என்ன சொல்வது? நாங்கள் தலைகளைப் பார்க்கிறோம் பிள்ளை. கிரேக் கையொப்பம் போட்டான். பெத் போட்டாள். குகனேசனும் போட்டான். கிரேக் உறையை நாக்கால் நக்கி, முஷ்டியால் தட்டி ஒட்டினான். "அப்பாடா," என்றான்.

பிறகு அவன் எழுந்து, ஈரப் பந்துகள் அடைந்த பையைத் தூக்கினான். நனைந்த தோல், கனம். தூக்கும்போது அவன் வாயிலிருந்து, முதுகு வலிக்கும் மனிதர்களிடமிருந்து வருவதுபோல, "ஹூப்" என்று ஒரு காற்று வந்தது. குகனேசன் சப்பாத்தைக் கழற்றிய கையோடு அப்படியே இருந்தான். அந்த ஹூப் இன்று ஏற்கெனவே கேட்டது. அவன் தேடவில்லை, அது தானே வந்தது, நுரையீரலிலிருந்து வருகிற அரிசி மூட்டைக்காரனின் காற்று. முதல் கட்டம், கிழக்குப் பக்கக் கோல்வாய், பந்து சேற்றுக்குள். ஒருவன் குனிந்து ஒற்றைக் கையால் அள்ளும்போது ஹூப். குகனேசன் அவனுக்குப் பின்னால் இரண்டு எட்டுத் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். முதுகில் பதினாலு. திரும்பவும் ஹூப். திரும்பவும். இந்தளவு சின்ன ஆளுக்கு இவ்வளவு பெரிய மூச்சா என்று ஒரு தரம் நினைத்ததுகூட இப்போது வந்தது. நினைத்தேன், பிறகு மறந்தேன். சரி, பதினாலு பாதியோடு போய்விட்டான். ஆனால் ஹூப் போகவில்லையே. கடைசிக் கட்டத்தில், மழை சரிவாக அடித்தபோது, மேற்குக் கோல்வாயில் அது என் இடது காதுக்குள் விழுந்தது. கடைசி மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலும் விழுந்தது. குனிந்தவன் நிமிர்ந்து ஓடினான், முதுகில் ஐம்பத்தெட்டு. ஒரு மூச்சுக்கு எப்படி இரண்டு முதுகு? பதினாலை வெளியே அனுப்பியது யார்? நான். நான்தான். இரண்டாம் கட்டத்தின் முடிவில் அவன் முழங்கையில் ரத்தம் கண்டு விசில் ஊதி, கையைக் குறுக்கே போட்டுக் காட்டினேன். சட்டையின் விலாப் பக்கமெல்லாம் ரத்தம். ரத்தம் பட்ட சட்டையோடு மறுபடி உள்ளே வர முடியாது. வேறு சட்டை மாற்ற வேண்டும். மேலதிகமாக வைத்திருக்கும் சட்டைகளில் என்ன எண் இருக்கும்? ஒருவரும் போடாத எண். ஐம்பத்தெட்டு. நான் அவனை அனுப்பினேன், என் தலைக்குள் அவன் கதையை முடித்தேன், அவன் சட்டையை மாற்றிக்கொண்டு என் கண்ணுக்கு முன்னாலேயே திரும்பி வந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடினான், நான் அவனைப் புது ஆள் என்று வரவேற்றேன். முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முகம் பார்க்காதே என்றுதான் பயிற்சி. பந்தைப் பார், கையைப் பார், எண்ணைப் பார், முகம் பார்த்தால் பக்கம் சாய்வாய். சாயவில்லை. ஒருவனையே இரண்டாக வெட்டி, இரண்டு பாதிக்கும் ஒன்றும் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறேன்.

உறை ஒட்டியாயிற்று. கிரேக் பையைத் தோளில் போட்டுவிட்டான். பேசாமல் இருந்தால் இரண்டு நிமிடத்தில் மூவரும் காரில் இருப்பார்கள், அங்கே சூடு இருக்கும். ஐம்பத்தெட்டுக்கும் தெரியப் போவதில்லை, ஜாரட்டுக்கும் தெரியப் போவதில்லை. எனக்கும் ஆரபிக்கும், இல்லை, ஆரபிக்கும் தெரியப் போவதில்லை. வாக்கு ரகசியம், வீட்டில்கூடப் பெயர் சொல்லக் கூடாது. தெரிந்தவன் நான் ஒருவன். சாக்குக்குள் இருந்தவனும் அப்படித்தான், ஒருவன். "கிரேக்," என்றான் குகனேசன். குரல் அவன் நினைத்ததைவிட உரத்து வந்தது. "பதினாலும் ஐம்பத்தெட்டும் ஒராள்." கிரேக் கதவில் கை வைத்தபடி திரும்பினான். "என்ன?" "ஒரே ஆள். சட்டை மாத்தினவன். ரத்தம் எண்டு நான்தான் அனுப்பினனான்." பெத் துள்ளி எழுந்தாள். "ஐயோ," என்றாள். "அந்தக் குள்ளன்! ஓம், ரண்டு பேரும் குள்ளன்தான்!" கிரேக் கதவை விட்டான். பிறகு பையை இறக்கினான், மறுபடி ஒரு ஹூப். "மூண்டாம் கட்டம் துவங்கேக்கை அவங்கடை ஆள் ஒருத்தன் ஓடி வந்தவன்," என்றான் மெதுவாக. "பதினாலு இனி ஐம்பத்தெட்டு எண்டு எனக்குச் சொன்னவன். நான் தலையாட்டினனான்." "பிறகு?" என்றாள் பெத். "பிறகென்ன, பந்தை எறிஞ்சனான். ஆட்டம் துவங்கீட்டுது." அவன் காதுகள் சிவந்தன. "எட, தலையாட்டினனான், மச்சான். நல்லா ஞாபகமிருக்கு. இவ்வளவு நேரமும் ஞாபகமில்லை."

உட்கார்ந்தார்கள். இப்போது இரண்டு பாதிகளையும் ஒட்டிப் பார்க்கலாம். பெத் ஒன்று சொன்னாள், கிரேக் ஒன்று சொன்னான். ஒருவர் சொன்னது மற்றவரிடத்தில் இன்னொன்றை எழுப்பியது. அந்தப் பக்கத்தில் நின்ற வேகக்காரன், பதினேழு, போன முறை இந்த மைதானத்தில் ஆறு கோல் அடித்தவன், இன்று அவனை யாராவது கண்டீர்களா? காணவில்லை. ஏன் காணவில்லை? ஒருவன் அவனுக்கும் பந்துக்கும் இடையில் நாள் முழுக்க நின்றான். விசில் இல்லாமல். தள்ளாமல். கடைசிக் கட்டத்தில் மூன்று முறை பந்தைக் கோல்வாயிலிருந்து எடுத்தது அவன். எடுத்துக் கொடுத்தது ஜாரட்டிடம். ஜாரட் அதை எடுத்துக்கொண்டு ஓடியதைத்தான் எல்லோரும் கண்டது. பேசப் பேச அந்தச் சின்ன ஆள் அறைக்குள் வளர்ந்துகொண்டே போனான். அப்போதுதான் குகனேசனுக்கு வேறொரு பயம் பிடித்தது. இதுவும் அதுதானே? கண்டுபிடித்த மகிழ்ச்சி. காணாமல்போன பூட்டின் திறப்பு அகப்பட்டால் அது எல்லாத் திறப்பையும்விட மினுங்கும். ஜாரட்டின் சிவப்புத் தலைக்கு ஏமாந்தவன் இப்போது என் சொந்தக் கெட்டித்தனத்துக்கு ஏமாறுகிறேனோ? பின்வரிசைப் பிள்ளை ஒன்றுக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இவன் பெரிய ஆளாகத் தெரிகிறானோ? கண்ணைக் கழுவிக்கொண்டு பார்க்கலாம் என்றால் கழுவுகிற தண்ணீருக்கும் ஒரு நிறம் இருக்கிறது. அவன் இதைச் சொல்ல முயன்றான், பாதிதான் சொல்ல வந்தது. "நான் இப்ப அவனைக் கூட்டிப் பாக்கிறனோ தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ." கிரேக் டப்பாவைத் திறந்து பார்த்தான், பச்சைதான் இருந்தது, ஒன்றை எடுத்துக் கடித்தான். "பெத், இந்த ஆட்டத்திலை ஒருத்தனை எடுத்துப்போட்டால் ஆட்டம் மாறி இருக்கும் எண்டால், ஆரை எடுப்பாய்?" சுவருக்கு அப்பால் பாட்டு ஓய்ந்து, கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. "ஜாரட் இல்லாட்டியும் வெண்டிருப்பினம்," என்றாள். "குள்ளன் இல்லாட்டி இல்லை." கிரேக் உறையைக் கிழித்தான். சீட்டில் மூன்று பெயரையும் வெட்டிவிட்டுப் பேனாவைக் குகனேசனின் பக்கம் தள்ளினான். "நீ எழுது. நான் எழுதினால் பழக்கத்திலை ஜாரட் எண்டு எழுதிப்போடுவன்." குகனேசன் மூன்று என்பதற்கு நேரே ஐம்பத்தெட்டு என்று எழுதினான். "அண்ணை, அப்பிடி ஒராள் இல்லை," என்று பெத் சிரித்தாள். அவள் சொன்னது கூகி என்றுதான், ஆனால் அது அண்ணை என்று கேட்டது. அதை வெட்டி, பதினான்கு என்று எழுதி, ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்துப் பெயரையும் எழுதினான்: எல்லியட் வார்ட். இரண்டு ஜாரட்டுக்கு. ஒன்று மொட்டைத்தலைக்கு. பிழையான விசில் ஒன்று குகனேசனுடைய கணக்கிலேயே இருந்தது. கிழிந்த உறைக்கு வேறு உறை இல்லை. பெத் கூடையோரம் விழுந்து கிடந்த பழைய ஒட்டுத்துணியை எடுக்கப் போனாள். "அதை வேண்டாம்!" என்று இருவரும் கத்தினார்கள். அவள் பைக்குள்ளிருந்து புது ஒட்டுத்துணி எடுத்துச் சுற்றினாள், சுளுக்கிய கணுக்காலுக்குச் சுற்றுவதுபோல.

வெளியே மழை தூறலாகியிருந்தது. கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் சின்னப் படலையை ஒருவன் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், தலையில் கம்பளித் தொப்பி, கீழே ஒரு பெரிய பை. "கவனம், சறுக்கும்," என்றான். "தேங்க்ஸ்," என்றான் குகனேசன். இன்றைக்கு இனி முகம் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தான், பார்த்தான். மூக்கு, நனைந்த இமை, தாடையில் கொஞ்சம் தாடி. கடந்துபோனான். சேற்றுக் குழியைத் தாண்டிக் காரை நோக்கி நடந்தபோது ஆரபிக்கு என்ன சொல்வது என்று சொற்களை அடுக்கினான். பிள்ளை, நாங்கள் எங்களைத்தான் பார்க்கிறோம். பிள்ளை, நாங்கள் பார்க்கிறோம், ஆனால். பின்னால் "ஹூப்" என்று கேட்டது. நின்றான். திரும்பினான். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு முதுகு மறுபக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கறுப்புச் சட்டை, எண் இல்லை. படலையில் நின்றவனின் முகத்தைக் குகனேசன் நினைத்துப் பார்த்தான். இப்போதுதான் பார்த்தது, பார்க்க வேண்டும் என்றே பார்த்தது. வந்தது தொப்பியின் மஞ்சள் நிறம் மட்டும். சற்று முன் தன் கையால் எழுதிய பெயரும் நாக்குக்கு வரவில்லை. "பதினாலு!" என்று கத்தினான். முதுகு நின்றது. அவன் திரும்பி வந்தான், பையைத் தூக்கிக்கொண்டு, புருவத்தை உயர்த்திக்கொண்டு. "எந்தப் பதினாலு? ஐம்பத்தெட்டும் நான்தான்," என்றான். ஏதும் தண்டனையோ என்று குரலில் கொஞ்சம் கலக்கம். சொல்லக்கூடியது எதையும் சொல்லக் கூடாது. "முழங்கை எப்பிடி?" என்றான் குகனேசன். "பரவாயில்லை. நாலு தையல் போடோணுமாம்." தொப்பி விளிம்பிலிருந்து துளி விழுந்தது. இடது கண்ணுக்குக் கீழே சிறிய மச்சம். முன்பல் ஒன்று மற்றதன்மேல் கொஞ்சம் ஏறியிருந்தது. மூக்கு எப்போதோ உடைந்து ஒட்டியது. அவன் சங்கடப்பட்டுக் கன்னத்தைத் துடைத்தான். "என்ன, முகத்திலை சேறு கிடக்கோ?"

"இல்லை," என்றான் குகனேசன். "சும்மா பாக்கிறன். அசையாதை."